நிற்கத் தெரிந்த கை

தமிழில் இன்று வழங்கும் சில சொற்களைச் சற்றே உற்று நோக்குவோம். குஸ்தி என்கிறோம், பயில்வான் என்கிறோம், கம்பு சுழற்றக் கற்பிக்கும் ஆசானை வஸ்தாது என்கிறோம். மூன்றும் பாரசீகத்திலிருந்து வந்து, தமிழ் மண்ணில் வேர் பிடித்துவிட்ட சொற்கள். உஸ்தாத் என்பதே ஊர் வழக்கில் வஸ்தாது ஆயிற்று. மத்ரஸாவில் அலிஃப், பே சொல்லிக் கொடுப்பவருக்கும் உஸ்தாத் என்றே பெயர். களத்தில் அடியும் தடையும் சொல்லிக் கொடுப்பவருக்கும் அதே பெயர். ஓதுவதும் உடலைப் பழக்குவதும் ஒரே வரிசையில் வைத்து மதிக்கத்தக்க கல்விகள் என நம் முன்னோர் எண்ணினர் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சான்றாகும்.

வஸ்தாதுகளின் களங்கள் பல ஊர்களில் மறைந்துபோயின. சிலம்பம் மீண்டும் தளிர்த்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இன்று நம் பிள்ளைகளில் பலர் மாலை வேளைகளில் வெள்ளுடை அணிந்து, இடையில் வண்ண பெல்ட் கட்டி, கராத்தே வகுப்புக்கே செல்கின்றனர். ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவில் வளர்ந்த அக்கலை நம் ஊர்த் தெருவின் மாடிக்கே வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அங்கே சேர்ந்தனர். மகளுக்கு வயது 13, மகனுக்கு 11. ஓராண்டு கழித்து நாமும் சேர்ந்தோம். நமக்கு அப்போது வயது 43.

சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு மாடிப்படியில் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பது நம் வழக்கம். ஒருநாள் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "பாய், படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்ப்பதைவிட உள்ளே வந்து நில்லுங்களேன்" என்றார். உள்ளே சென்றோம். கராத்தே வகுப்பில் வயதுக்கு வரிசையில்லை, பெல்ட்டுக்குத்தான் வரிசை. மகள் நீல பெல்ட். முன் வரிசையில் நின்றாள். மகன் பச்சை, நடுவில் நின்றான். வெள்ளை பெல்ட் கட்டிய நாமோ கடைசி வரிசையில், 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கும் பக்கத்துக் கடைக்காரர் மகனுக்கும் இடையே நின்றோம்.

வீட்டில் வாப்பா அமர்ந்த பின்னரே சஹன் வைப்பார்கள். வாப்பா எழுந்த பின்னரே மற்றவர் எழுவார்கள். அந்த வாப்பா, தம் மகளிடம், "பின்காலை இன்னும் சற்று நீட்டுங்கள் வாப்பா, குதிகால் தரையைவிட்டு எழும்புகிறது" என்று திருத்தம் பெறுவது புதிய அனுபவம். ஆனால் அதில் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. அறிந்தவர் சொல்ல, அறியாதவர் கேட்பது என்னும் ஒழுங்கு எந்த வயதுக்கும் பொதுவானதுதானே? அந்நாள் வரை மகள் நம்மிடம் பேசியவை பெரும்பாலும் கேள்விகளாகவும் வேண்டுதல்களாகவுமே இருந்தன. தான் அறிந்த ஒன்றை வாப்பாவுக்கு விளக்கிச் சொல்லும் குரலை நாம் முதன்முதலாகக் கேட்டது அந்த மாடியில்தான்.

மாவட்ட அளவிலான போட்டி ஒன்றில் மூவருமே பெயர் கொடுத்தபோது, மஹல்லாவில் சில பெரியவர்கள் நம்மை நிறுத்திப் பேசினார்கள். அவர்கள் கேட்டவை மூன்று. மூன்றும் பொருளற்ற கேள்விகள் அல்ல. ஆதலால் அவற்றை இங்கே குறிப்பது நலம்.

முதலாவது, தலை வணங்குதல். கராத்தேயில் களம் புகும்போதும், எதிராளியைக் காணும்போதும், விடைபெறும்போதும் குனிந்து மரியாதை செய்வது மரபு. சில வகுப்புகளில் மண்டியிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றியைத் தரையருகே கொண்டுபோவதும் உண்டு. ருகூவும் ஸுஜூதும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியவை என்று நம்புகிறவர்களுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? ஒருவர் தம் சகோதரரைச் சந்திக்கும்போது குனியலாமா என்று கேட்கப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை மறுத்து, கைகொடுப்பதை அனுமதித்ததாகத் திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு. இதனை நாம் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் முன்வைத்தோம். முதுகு வளைந்து ருகூவின் வடிவம் வரலாகாது, தரையில் நெற்றியைத் தாழ்த்துவதும் ஆகாது. நின்றபடி தலையை மட்டும் இலேசாக அசைத்து மரியாதை காட்டுவது வேறு என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். மாஸ்டரிடம் சொன்னோம். அவர் சிறிதும் முகம் சுளிக்காமல், "மரியாதை முதுகிலா இருக்கிறது? உங்கள் முறைப்படியே செய்யுங்கள்" என்று முடித்துவிட்டார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் பல முடிச்சுகள் இப்படித்தான் அவிழ்கின்றன. கேட்கத் தயங்கிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவோரும் உளர். கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் குனிந்துவிடுவோரும் உளர். இரண்டுமே தேவையில்லை.

இரண்டாவது, மகள். "பெண்பிள்ளைக்கு இது எதற்கு, தம்பி?" என்று ஒரு முதியவர் வாஞ்சையோடுதான் கேட்டார். பெருநாள் அன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகத்தின் தோளுக்குப் பின்னால் நின்று, தாமாகவே போதும் என்று விலகும்வரை கண்டுகளித்ததையும் நினைவூட்டினோம். "பார்த்தார்கள், ஆடவில்லையே?" என்றார் அவர். நியாயமான மறுமொழிதான். ஆயினும் அதே அன்னையார் நாயகத்தோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. உஹதுக் களத்தில், தண்ணீர்த் துருத்தியுடன் வந்த நுஸைபா (ரலி) அவர்கள், நிலைமை நெருக்கடியானபோது வாளேந்தி நாயகத்தைக் காத்து நின்று காயங்கள் ஏற்றதை நம் வீட்டுப் பெண்கள் மீலாது மேடைகளில் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். அவ்வரலாற்றைக் கேட்டுப் பெருமை கொள்ளும் நாம், நம் மகளின் கை வலுப்பெறுவதைக் கண்டு அஞ்சுவானேன்?

இதில் உலகமும் மெல்ல மெல்லத்தான் வழி விட்டது. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஸஊதி அரேபியாவின் 16 வயது வுஜ்தான் ஷஹர்கானி ஜுடோவில் களமிறங்க வந்தபோது, தலைத்துணியோடு ஆட இயலாது என்றே முதலில் கூறப்பட்டது. பின்னர் பேச்சு நடந்து, தலையோடு ஒட்டிய கறுப்புக் குல்லாய் போன்ற ஒன்றை அணிய இசைவு தரப்பட்டது. ஆட்டம் 82 விநாடிகளில் முடிந்துவிட்டது, தோற்றது அவர்தான். அவருடைய தந்தை ஜுடோ நடுவர். மகளுக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. 82 விநாடிகளில் தோற்ற அந்த மகளின் பெயரே இன்று நினைவில் இருக்கிறது. அவரை வீழ்த்தியவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? ஒரு மகள் வாசலைத் திறக்கும்போது அவள் பின்னே ஒரு தந்தை நின்றிருந்தார் என்பதை நாம் மறப்பதற்கில்லை.

மூன்றாவது கேள்வியே கடினமானது. "அடிக்கக் கற்றுக் கொடுத்தால் பிள்ளைக்கு முன்கோபம் வளராதா?" என்பது அது. இதற்கு வீட்டில் உட்கார்ந்தபடி விடை சொல்ல முடியாது. குஸ்தியில் பிறரை வீழ்த்துபவன் வீரன் அல்லன். சினம் எழும்போது தன்னை அடக்கியாள்பவனே வீரன் என்னும் கருத்துடைய ஹதீஸைப் புகாரியில் காண்கிறோம். வள்ளுவரும் வெகுளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் சினம் எழுவதற்கே வாய்ப்பில்லாத இடத்தில் ஒருவன் அமைதியாக இருந்தால் அதை அடக்கம் என்று எப்படி அறிவது? குமர்க்கடலில் படகோட்டாதவன் தன்னை நல்ல மாலுமி என்று சொல்லிக்கொள்வது போலத்தான் அது.

இந்த ஐயம் கராத்தேயை வளர்த்தவர்களுக்கும் இருந்தது. அவர்களுள் பலர் சண்டைக்காரர்கள் அல்லர், பள்ளி ஆசிரியர்கள். ஜுடோவை 1882இல் நிறுவிய ஜிகோரோ கானோ ஓர் ஆசிரியர். ஒக்கினாவாவின் அன்கோ இதோசு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளிச் சிறுவர்களுக்காகவே ஐந்து எளிய கட்டாக்களை வகுத்துக் கொடுத்தார். கட்டா என்பது எதிராளி இல்லாமல், வரையறுத்த முறையில் அடியும் தடையுமாகத் தனித்து ஆடும் வரிசை. சிலம்பத்தில் தனி வரிசை ஆடுவதை ஒத்தது. இதோசுவின் மாணவரான கிச்சின் ஃபுனகோஷியும் ஆசிரியரே. 1868இல் பிறந்த அவர், 1922இல் டோக்கியோவில் இக்கலையை ஆடிக் காட்டித் தலைநிலத்து மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். கராத்தே என்னும் பெயரின் முற்பகுதி பழைய எழுத்தில் சீன நாட்டைக் குறித்தது. அதே ஒலியுடைய, வெறுமையைக் குறிக்கும் எழுத்து 1930களில் அவ்விடத்தைப் பிடித்தது. வெறுங்கை என்பது மட்டுமன்று. தன்னலத்தை உள்ளிருந்து அகற்றிய வெறுமை என்றும் அவர் அதற்குப் பொருள் கூறினார்.

அந்த ஃபுனகோஷிக்குப் போட்டிகள் பிடிக்கவில்லை. வெற்றிப் பதக்கம் கலையைக் கெடுக்கும் என்று அவர் கருதினார். 1957ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், அவர் வழிவந்தவர்களே ஜப்பான் முழுமைக்குமான முதல் போட்டியை நடத்தினார்கள். குருவின் கவலை சரியா, சீடர்களின் துணிவு சரியா என்பது இன்றும் தீராத வழக்கு. நாம் பிள்ளைகளோடு போட்டிக்குப் புறப்பட்டபோது இவ்வழக்கையும் உடன் எடுத்துச் சென்றோம் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நகரில் ஒரு கல்லூரி அரங்கு. ஒன்றோடொன்று பல் கோத்து இணையும் சிவப்பு, நீலப் பாய்த் துண்டுகளை விரித்து, 8 மீட்டர் சதுரமாக மூன்று களங்கள் அமைத்திருந்தார்கள். ஸுபுஹு தொழுத கையோடு புறப்பட்டுச் சென்றோம். ஆட்டம் தொடங்கியது 11 மணிக்கு. எடை பார்க்க ஒரு வரிசை, பெயர் சரிபார்க்க ஒரு வரிசை, சீட்டுக் குலுக்கலுக்கு ஒரு காத்திருப்பு. தாய்மார்கள் தயிர்ச்சோற்றுப் பொட்டலங்களோடு படிக்கட்டுகளில் அமர்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் உம்மா நம் பங்குக்கு நெய்ச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மகளின் தலைத்துணியைப் பார்த்துப் பெயர்ப் பதிவு மேசையில் இருந்த இளைஞர் சற்றுத் தயங்கினார். ஊசி குத்தியிருக்கிறதா என்பதே அவர் கவலை. ஊசியோ முடிச்சோ இல்லாமல், கழுத்தோடு ஒட்டி நிற்கும்படி, இழுத்தால் உடனே கழன்று வரும்படி அவளுடைய உம்மா நான்கு நாட்கள் முயன்று தைத்திருந்தார்கள். இளைஞர் விரலால் ஓரத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னார். மகள் இழுத்துக் காட்டினாள். "சரி, போம்மா" என்றார். சட்டத்தைத் தடையாக்காமல் பாதுகாப்பாக மட்டும் பார்த்த அந்த இளைஞரை அல்லாஹ் நன்றாக வைப்பானாக.

மகளுக்குக் கட்டா. களத்தின் நான்கு மூலைகளிலும் எதிரிலுமாக ஐந்து நடுவர்கள், கையில் சிவப்பும் நீலமுமாகக் கொடிகள். இருவர் ஆடி முடித்ததும் எவர் ஆட்டம் சிறந்ததோ அவர் நிறக் கொடி உயரும். இரண்டு சுற்றுகளில் வென்று, மூன்றாவதில் தோற்று, வெண்கலத்தோடு வந்தாள். பதக்கத்தைவிட, முதல் ஆட்டத்துக்குப் பெயர் அழைக்கப்பட்டபோது அவள் நம்மைத் திரும்பிப் பாராமல் நேரே நடந்து சென்றதே நம் நெஞ்சில் நிற்கிறது. பிள்ளைகள் நம்மைத் திரும்பிப் பாராமல் நடக்கும் நாளுக்காகத்தானே வளர்க்கிறோம்? அந்நாள் வரும்போது ஏனோ தொண்டை அடைக்கிறது.

நாற்பதைக் கடந்தவர் பிரிவில் நமக்கும் கட்டாவே. எதிரே நின்றவர் அறுபதை நெருங்கியவர். ஓய்வுபெறும் வயதில் கராத்தே கற்கத் தொடங்கியவராம். அவர் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைத்தார். ஒரு முறையும் அவசரப்படவில்லை. கொடிகள் நான்கு அவருக்கு, ஒன்று நமக்கு. முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். பிள்ளைகள் இருவரும் அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார்கள். நம் பிள்ளைகள் நம் வெற்றிகளைப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். வாழ்க்கையில் நாம் கண்ட தோல்விகளையோ அவர்களுக்குத் தெரியாமல் கதவடைத்துக்கொண்டே தாங்கியிருக்கிறோம். தந்தை தோற்பதையும், தோற்றவர் எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு வந்து சோறு கேட்பதையும் பிள்ளை ஒருமுறையேனும் நேரில் காண்பது நல்லது. நூறு அறிவுரைகள் செய்யாததை அந்தக் காட்சி செய்துவிடுகிறது.

லுஹருக்கு இடம் தேடியபோது, மேடைக்குப் பின்னால் மிஞ்சிக் கிடந்த பாய்த் துண்டுகளை விரித்துத் தந்தார்கள். வேறு ஊர்களிலிருந்து வந்திருந்த நான்கு குடும்பத்தார் சேர்ந்தார்கள், ஜமாஅத்தாகத் தொழுதோம். பைகளையும் பதக்கத்தையும் பார்த்துக்கொண்டவர், சற்று முன் நம்மைத் தோற்கடித்த அந்தப் பெரியவரே.

பிற்பகலில் மகனுக்குக் குமித்தே. அதாவது எதிர்நின்று ஆடுவது. கையால் குத்தினால் 1 புள்ளி. காலால் உடலில் உதைத்தால் 2. காலைத் தலைவரை கொண்டுபோனால் 3. ஆனால் சிறுவர் ஆட்டத்தில் முகத்துக்கு நேரே செல்லும் கை முகத்தைத் தொடலாகாது. தொடாமல், அதே வேளையில் தொட்டிருக்கும் என்று நடுவர் நம்பும் அண்மையில், சில விரற்கடை தூரத்தில் நிற்க வேண்டும். வேகம் முழுமையாக இருக்க வேண்டும். நிறுத்தமும் முழுமையாக இருக்க வேண்டும். அடிக்கும்போது முகத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. அதனை அறிந்த நமக்கு இவ்விதி புதிதாகத் தோன்றவில்லை. பழைய உறவினரை வெளியூரில் சந்தித்தது போலவே இருந்தது.

மகன் முதல் இரண்டு ஆட்டங்களில் வென்றான். மூன்றாவதில் எதிராளி அவனைவிட ஒரு சாண் உயரம். முதல் புள்ளி அவனுக்கே போயிற்று. பிறகு மாறி மாறி ஏறி, 3க்கு 3 என நின்றது. கடைசி விநாடிகளில் எதிர்ப்பையன் கால் வழுக்கி, ஒரு முழங்காலை ஊன்றி, நிமிரும் வேகத்தில் முகத்தை முன்னே கொண்டுவந்தான். மகனின் வலக்கை புறப்பட்டுவிட்டது. நாம் கண்களை மூடவில்லை, மூட நேரமில்லை. புறப்பட்ட கை, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுவரில் முட்டியதுபோல் நின்றது. அவ்வளவு தொலைவில் நின்ற கைக்குப் புள்ளி கிடையாது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், நேரமும் முடிந்தது. புள்ளிகள் சமமாயின், முதல் புள்ளி எடுத்தவனுக்கே வெற்றி என்பது விதி. நீலக் கை உயர்த்தப்பட்டது. மகன் சிவப்பு.

அவன் தலையசைத்து மரியாதை செய்தான், கை கொடுத்தான், களத்தைவிட்டு இறங்கினான், அதன் பிறகே அழுதான். தேற்றச் சென்ற ராத்தாவின் கையைத் தட்டிவிட்டான். நம் அருகில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "வாப்பா, நான் கையை நிறுத்தியிருக்காவிட்டால் வென்றிருப்பேன், இல்லையா? நல்லது செய்ததற்கா தோல்வி? இனி நான் வரமாட்டேன்."

இதற்கு உடனே விடை சொல்ல எவராலும் இயலுமா? நல்லது செய்தவனுக்கு நல்லதே நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அந்த வாக்கியம் 8 மீட்டர் சதுரத்துக்குள் அன்று பொய்த்துப்போயிருந்தது. நாளை அதனினும் பெரிய களங்களிலும் பொய்க்கும். அங்கே நாம் உடன் இருக்கமாட்டோம்.

பேருந்தில் திரும்பும்போது அவனிடம் ஒரு செய்தியைச் சொன்னோம். கராத்தே ஒலிம்பிக்கில் ஒரே ஒருமுறைதான் இடம்பெற்றிருக்கிறது. 2020ஆம் ஆண்டுக்குரியதாகி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அது. ஆகஸ்ட் 7ஆம் நாள், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் பிரிவின் இறுதி ஆட்டம். ஒருபுறம் ஸஊதி அரேபியாவின் தாரிக் ஹாமிதி. மறுபுறம் ஈரானின் ஸஜ்ஜாத் கஞ்ஜ்ஸாதே. ஹாமிதி 4க்கு 1 என முன்னணியில் இருந்தார். வென்றிருந்தால் ஸஊதி அரேபியாவின் வரலாற்றிலேயே முதல் ஒலிம்பிக் தங்கம் அவருடையதாகியிருக்கும். அந்நிலையில் அவர் வீசிய உயரமான உதை கட்டுப்பாட்டைக் கடந்து இறங்கிற்று. எதிராளி நினைவிழந்து சாய்ந்தார். தூக்குப்படுக்கையில் எடுத்துச் செல்லப்பட்டார். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அடித்தவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நினைவின்றிக் கிடந்தவருக்குத் தங்கம் கிடைத்தது. கண் விழித்த பிறகே தாம் வென்றதை அவர் அறிந்தார்.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர் வேண்டுமென்றே அடித்தாரா?" என்று கேட்டான். இல்லை என்றோம். வேண்டுமென்று அடிப்பவர் அந்த இடம்வரை வந்திருக்கமாட்டார். வேகம் இருந்தது, அந்த ஒரு கணத்தில் நிறுத்தம் மட்டும் தவறிவிட்டது. ஆண்டாண்டுக் கணக்கில் பயின்ற ஒருவருக்கே அது தவறக்கூடியது என்றால், அது எவ்வளவு அரியது என்று எண்ணிப் பார் என்றோம். "நீ நிறுத்தினாய், தோற்றாய். அவர் நிறுத்தவில்லை, அவரும் தோற்றார். இரண்டும் தோல்விதான். ஆனால் உன் எதிராளி இன்று தன் வாப்பாவோடு நடந்து வீட்டுக்குப் போகிறான்." அதற்கு மேல் நாம் சொல்லவில்லை. நீதி புகட்டினால் பிள்ளைகளுக்கு உறக்கம் வந்துவிடுகிறது; செய்தியைச் சொல்லி விட்டுவிட்டால் அது தானாகவே உள்ளே நடக்கிறது.

ஃபுனகோஷியின் கவலைக்கும் அவர் சீடர்களின் துணிவுக்கும் இடையே உள்ள வழக்கில் நம் எளிய கருத்து இதுதான்: பயிற்சி மாடியில் எதிரே நிற்பவன் தோழன், அவன் முகத்தருகே கையை நிறுத்துவது பழக்கம் மட்டுமே. அயலான் எதிரே நிற்க, ஊர் பார்த்திருக்க, புள்ளிகள் சமமாக நிற்க, ஒரே ஓர் அடியில் வெற்றி காத்திருக்கும்போது கையை நிறுத்துவதே குணம். அந்தச் சோதனை போட்டியில்தான் கிடைக்கிறது. போட்டி பதக்கத்துக்கானது என்று கொண்டால் குருவின் அச்சம் உண்மையாகும். தன்னை அளந்து பார்ப்பதற்கானது என்று கொண்டால் சீடர்களின் துணிவு நியாயமாகும். உஹதுக்குப் புறப்பட்ட படையில் சேர வந்த சிறுவர்களுள், அம்பெய்வதில் வல்லவர் என்று ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்களுக்கு இசைவு கிடைத்தது. அவரை நான் குஸ்தியில் வீழ்த்துவேனே என்று சமுரா இப்னு ஜுன்துப் (ரலி) முறையிட, இருவரையும் மோதவிட்டுப் பார்த்து, வென்ற சமுராவுக்கும் இசைவு தரப்பட்டது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இருவருக்கும் வயது 15. அங்கே குஸ்தி பதக்கத்துக்காக நடக்கவில்லை. ஒரு சிறுவன் எவ்வளவு சுமை தாங்குவான் என்று அறிவதற்காகவே நடந்தது.

அமெரிக்காவின் லூயிவில் நகரில், 1954இல், 12 வயதுச் சிறுவன் ஒருவனின் சைக்கிள் களவு போயிற்று. திருடனை அடித்து நொறுக்கப்போவதாக அவன் கொதித்தான். அடிப்பதற்கு முன் அடிக்கக் கற்றுக்கொள் என்று குத்துச்சண்டை கற்பித்து வந்த ஒரு காவலர் அவனை அழைத்துச் சென்றார். அச்சிறுவனே பின்னாளில் முகம்மது அலி ஆனார். 1980இல் அவர் சென்னைக்கு வந்து காட்சிக் குத்துச்சண்டை ஆடியதை நம் பெரியவர்களில் பலர் இன்றும் கதைபோல் சொல்வார்கள். அந்தச் சைக்கிள் கிடைக்கவேயில்லை. ஆனால் சிறுவனின் சினத்துக்கு ஓர் ஆசான் கிடைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்றேனும் ஒரு சைக்கிள் களவு போகும். அப்போது அவன் சினத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அறிந்த ஒருவர் அவன் அருகில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் தந்தையாகவும் இருக்கலாம். ஆனால் படியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தையால் அது இயலாது. உள்ளே சென்று, கடைசி வரிசையில் நின்று, குதிகால் எழும்பத் திருத்தம் பெறுகிறவரால் ஒருவேளை இயலலாம்.

ஆதலின் நம் மஹல்லாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கராத்தேக்கோ சிலம்பத்துக்கோ அனுப்புங்கள். வாய்ப்புள்ளவர்கள் உடன் சேருங்கள். மத்ரஸா முடிந்து, மஃரிபுக்கு முன், பள்ளிவாசலை ஒட்டிய திடலில் வாரம் இரு நாள் ஒரு நல்ல ஆசானை வரவழைப்பது எந்த ஜமாஅத்துக்கும் பெருஞ்செலவு அன்று. உஸ்தாதும் வஸ்தாதும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தால் பிள்ளைகளுக்கு ஓதலும் அடங்கும் கையும் சேர்ந்தே கைவரும்.

மகன் அந்த வாரம் வகுப்புக்கு வரவில்லை, நாம் வற்புறுத்தவுமில்லை. எட்டாம் நாள், ஸுபுஹுக்குப் பின் முற்றத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தோம். ராத்தா தன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் முழு வேகத்தில் குத்தி, கை தொடாமல் நிறுத்துகிறான். "இன்னும் ஒரு சாண் இருக்கிறது, பக்கத்தில் வா" என்கிறாள் அவள். அவன் மீண்டும் குத்துகிறான். "இப்போது நாலு விரல்." மீண்டும். அன்று களத்தில் ஒரு சாண் தூரத்தில் நின்ற கையை ஒரு விரற்கடைக்குக் கொண்டுவரும் முயற்சி அது. அச்சத்தால் தொலைவில் நிற்பது தொடக்கம். அறிவால் அண்மையில் நிற்பது தேர்ச்சி. மூன்றாவது குத்தில் அவள் விரல் நுனியில் காற்று மட்டும் பட்டது. இருவரும் சிரித்தார்கள். நாம் உள்ளே சென்று, வெள்ளை பெல்ட்டைத் தேடலானோம்.